நிற்கப் பழகிய சதை

என் வேலை இன்னதென்று வீட்டில் சொல்வதற்கே சரியான வாக்கியம் கிடைக்காமல் கொஞ்ச நாள் திண்டாடினேன். இயற்பியல் படித்து முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு அறுவை மருத்துவரிடம் ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. மலக்குடலில் புற்றுநோய் வந்தவர்களுக்கு அந்தப் பகுதியையே எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் வயிற்றில் ஒரு பை. வாழ்நாள் முழுக்க அந்தப் பைதான். எங்கள் டாக்டர் தொடையிலிருந்து ஒரு சதையைத் திருப்பிக் கொண்டுபோய், குடலைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்து, அதைச் சுற்றி அந்தச் சதையைக் கட்டி, அதற்கு மெல்லிய மின்சாரம் கொடுத்துப் புது ஆசனவாயாகப் பழக்க முடியுமா என்று செய்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலும் அங்கங்கே அப்போதுதான் செய்து பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

இதைக் கடத்தூர் பக்கத்துக் காட்டில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருக்கும் அப்பாவிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவனே நான்தான்.

"என்னா வேலைடா அது?" என்றார்.

"ஒரு சதைக்குப் பழக்கம் சொல்லிக் குடுக்கறதுப்பா."

"சொல்லிக் குடுக்கறதா? அப்ப வாத்தியார் வேலை."

"அப்படியும் வெச்சுக்கலாம்."

"எத்தன பேருக்கு?"

"நம்ம ஜில்லாவுல மூணு பேருக்கு."

"மூணு பேருக்கு ஒரு வாத்தியாரா? நல்ல உத்தியோகம்டா." கொடியைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார்.

அம்மா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. எந்தச் சதை, எந்த இடம் என்று துருவித் துருவிக் கேட்டாள். ஒருவழியாகச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குமாடா காலேஜ் போவணும்?" என்றாள். அன்று முதல் ஊரில் யார் கேட்டாலும் அப்பா "பையன் வாத்தியாரா இருக்கான்" என்பார். அம்மா பக்கத்தில் இருந்தால் உள்ளே போய்விடுவாள்.

டாக்டர் கன்னடம் பேசுகிறவர். ஓசூர்ப் பக்கம் வளர்ந்ததால் தமிழும் பேசுவார், வேகமாக, எழுத்துகளைக் கொஞ்சம் விழுங்கி. சேர்ந்த அன்றைக்கே என்னை உட்காரவைத்து விளக்கினார்.

"தொடைச் சதை ஓடறதுக்குப் பிறந்தது. பலமா இறுக்கும், அப்புறம் சோர்ந்து விட்டுடும். ஆசனவாய்ச் சதை அப்படி அல்ல. அது காவல்காரன். நாள் பூரா நிக்கணும். ஓடறவனை நிக்கறவனா மாத்தணும். அதுக்குத்தான் கரண்ட். கொஞ்சம் கொஞ்சமா, நேரம் கூட்டிக் கூட்டி. அர்த்தம் ஆச்சா?"

ஆச்சு என்றேன். படிப்பில் நான் பார்த்த மின்சாரமெல்லாம் கம்பியிலும் காந்தத்திலும் இருந்தது. மனிதச் சதை மின்சாரத்துக்குக் கீழ்ப்படிந்து பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம் அவர் அடுத்துச் சொன்னது.

"நமக்கு ரெண்டே கேள்வி. ஒண்ணு, சதை நிக்குதா? ரெண்டு, நோவு திரும்புதா? முதல் கேள்விக்கு நீ பதில் சொல்லலாம். ரெண்டாவதுதான் எனக்குத் தூக்கம் வராம பண்றது. இந்த நோவு திரும்பி வந்தா, பெரும்பாலும் எடுத்த இடத்துக்குப் பக்கத்துலதான் வரும். அந்த இடத்தைச் சுத்தி நாமளே ஒரு சதையைக் கட்டி வைக்கறோம். சுவர் கட்டிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் திருடன் வந்து உக்காந்தா என் விரலுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அதனால்தான் நோய் எடுத்து இரண்டு வருடத்துக்கு மேலாகியும் திரும்பாதவர்களை மட்டுமே அவர் சேர்த்துக்கொண்டார். எனக்கு ஒரு கண்டிப்பான விதியும் போட்டார். நோயாளியிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். 'திரும்ப வந்திருக்குமோ' என்ற பேச்சை மட்டும் என் வாயால் எடுக்கக் கூடாது. அது அவர் சொல்ல வேண்டிய வார்த்தை.

எங்கள் ஜில்லாக்காரர்கள் மூன்று பேரைப் பார்த்துக்கொள்ள என்னைத் தருமபுரியிலேயே தங்கவைத்தார். அவர்களில் ஒருவர் அங்கே புளி மண்டி வைத்திருந்த பாய். ஐம்பதைத் தாண்டியவர். நல்ல கனத்த குரல். சீசனில் மலைப் பக்கத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் புளி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போது, வாசலில் நின்று அவர் விலை கூவினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். வயிற்றில் பை வந்த பிறகு அவர் வாசலை விட்டுவிட்டு உள்ளே குடோனுக்குள் மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார்.

"புளி வாசம் எல்லாத்தையும் அமுக்கிடும் தம்பி. ஆண்டவன் எனக்குன்னே இந்த யாவாரத்தக் குடுத்திருக்கான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூவுகிற வேலையை மகன் எடுத்துக்கொண்டான். மகனின் குரல் மண்டியின் படியைத் தாண்டாது.

அவர் அறுவைக்கு ஒத்துக்கொண்டது வியாபாரத்துக்காக அல்ல. அதை ஒருநாள் நான் பெட்டியைச் சரி செய்துகொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நின்று தொழ வேண்டும். பை வைத்துக்கொண்டு அவருக்கு அந்தத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் நிற்கிறவருக்குச் சத்தம் கேட்குமோ, வாடை போகுமோ என்ற பயம். கை கால் முகம் கழுவித் தயாரான பிறகு காற்றுப் பிரிந்தால் மறுபடி போய்க் கழுவ வேண்டும். பையில் காற்று எப்போது வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

"பள்ளிவாசல் அஜரத்தே சொல்லிட்டாரு, நோயாளிக்கு அதெல்லாம் சலுகை உண்டு, தாராளமா வந்து நில்லுங்கன்னு. அவரு பெருந்தன்மை அது. எனக்குத்தான் சலுகையில நிக்கப் புடிக்கல. மூணு வருசமா வூட்டுலயே தொழுதுக்கறேன். ஒரு நாள், ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரையும் போல நிக்கணும். அதுக்குத்தான் இந்தக் கண்றாவி எல்லாம்" என்று தொடையைத் தட்டிக் காட்டினார்.

தொடையின் உட்பக்கத்திலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வெளியே வரும். அதை ஒரு சோப்புப் பெட்டி அளவுள்ள பெட்டியில் இணைப்போம். பெட்டிக்குள் பேட்டரி. திருகுக் குமிழ் ஒன்று, சுவிட்சு ஒன்று. முதலில் சில நொடிகள் மின்சாரம், பிறகு ஓய்வு. வாரா வாரம் மின்சாரம் ஓடுகிற நேரத்தைக் கூட்டி ஓய்வைக் குறைப்பேன். சதை முழுதாகப் பழகியதும் பெட்டி நாள் முழுக்க ஓடும். கழிப்பறை போகும்போது மட்டும் அவரே அணைப்பார். இடுப்புப் பச்சை பெல்ட்டில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"தருமபுரியிலேயே சுவிச்ச ஆஃப் பண்ணிட்டுக் கக்கூசுக்குப் போற ஆளு நான் ஒருத்தன்தான்" என்பார்.

மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் வெகுநாள் அவரைத் தொடவே மாட்டார். காசை வாங்கினாலும் மேசை மேல் வைக்கச் சொல்லித்தான் எடுப்பார். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாய் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் அந்த ஆள் குனிந்து மூட்டையைப் பிடிக்கும்போது பின்னாலிருந்து தோளில் கை வைத்து "டுர்ர்ர்" என்றார். மனிதர் மூட்டையோடு புளியில் விழுந்தார். எழுந்து, "ஏன் பாய், லைசன்ஸ் இல்லாத கரண்ட வெச்சுக்கிட்டு இந்த ஆட்டம் ஆடறீங்க" என்றார். அதற்கப்புறம் அவர்தான் பாயிடம் அதிகம் ஒட்டிக்கொண்டார்.

பாயின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெட்டி பார்க்கப் போகும் நாளெல்லாம் டீ தராமல் அனுப்ப மாட்டார். "கரண்டு ஆபீசுக்காரன் கம்பத்துல கோளாறுன்னா எழுதிக் குடுத்தாலும் வர மாட்டான். இவரு தொடையில கோளாறுன்னா நீங்க சைக்கிள்ல ஓடி வர்றீங்க. இந்த வூட்டுக்கு இப்படி ஒரு யோகம்" என்பார். பாய் உள்ளேயிருந்து, "அவங்களுக்கு நான் மாச பில்லு கட்டறேன், தம்பிக்கு என்னா கட்டறேன்?" என்பார்.

சதை பழகிவிட்டது. வயிற்றில் மாட்டியிருந்த பையையும் டாக்டர் எடுத்துவிட்டு, அந்தத் துளையை மூடிவிட்டார். பாய் மெல்ல மெல்லக் குடோனிலிருந்து வெளியே வர ஆரம்பித்தார். முதலில் வாசலுக்குப் பக்கத்து மேசை. பிறகு வாசல்.

டாக்டரோடு பேச நான் வாரம் ஒருமுறை தபால் ஆபீசில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பேன். அப்படி ஒரு நாள் போகும் வழியில் மண்டியைக் கடந்தேன். வாசலில் வண்டிகள். எடை போடுகிறவர்கள், ஏலம் கேட்கிறவர்கள் என்று ஒரே இரைச்சல். கூட்டத்துக்கு நடுவிலிருந்து பாய் என்னைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தி, அந்தப் பழைய குரலில் கூவினார்.

"தம்பீ, டாக்டருக்குப் போன் போடப் போறீங்களா?"

"ஆமாங்க பாய்."

"சொல்லிடுங்க. உள்ள நல்லா நிக்குதுன்னு சொல்லிடுங்க. ரெண்டு நாளாச்சு."

"என்னாங்க பாய்?"

"உள்ள... நிக்குது. அவருகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, வெள்ளிக்கிழம போகலாமான்னு."

என் காதில் விழுந்தது அப்படித்தான். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. உள்ளே சதை நன்றாக நிற்கிறது, பிடிக்கிறது என்கிறார். நாங்கள் மாதக் கணக்கில் பேசிவந்த வார்த்தையே நிற்பதுதானே. சந்தோஷமாகச் சைக்கிளை மிதித்தேன்.

லைன் கிடைத்தது. மற்ற இருவரைப் பற்றி முதலில் சொன்னேன். பிறகு டாக்டர் கேட்டார்.

"மண்டிக்காரரு எப்படி?"

"உள்ளே நல்லா நிக்குதாம் சார்."

லைன் கரகரவென்று இரைந்தது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"உள்ளயா? உள்ள நிக்குதா?"

"ஆமா சார். ரெண்டு நாளா."

"யாரு சொன்னது?"

"அவரே கூப்பிட்டுச் சொன்னாரு சார். உங்ககிட்ட அவசியம் சொல்லச் சொன்னாரு."

"வலி இருக்கா?"

"வலியெல்லாம் இல்ல சார். சந்தோஷமா இருக்காரு."

"வலி இல்லாம நிக்குதா," என்றார் டாக்டர் மெதுவாக. அந்தக் குரலில்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. "கேளு. நாளைக்கே அவரைக் கூட்டிட்டு வா. சாப்பாடு வேணாம், தண்ணி மட்டும். பெட்டியைத் தொடாதே, இருக்கற மாதிரி இருக்கட்டும். அவருக்கு ஒண்ணும் சொல்லாதே. நான் பாக்கணும், அவ்வளவுதான்."

"சார், நான் சொன்னது சதை..."

நேரம் முடிந்துவிட்டது. லைன் அறுந்தது. மறுபடி பதிவு செய்தேன். வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தபோது டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார் என்றார்கள். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. 'உள்ளே நிற்கிறது' என்றால் அவருக்கு வேறு அர்த்தம். குடலில் ஏதோ தடுத்து நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் திருடன்.

சதையைத்தான் சொன்னேன் என்று மறுநாள் நேரில் விளக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பாய் வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாய் சதை என்று சொல்லவே இல்லையே. உள்ளே நிற்கிறது என்றார். நான்தான் சதை என்று சேர்த்துக்கொண்டேன். ஒருவேளை டாக்டர் புரிந்துகொண்டதுதான் சரியாக இருந்தால்? பாயிடமே கேட்டுவிடலாம். ஆனால் எப்படிக் கேட்டாலும் அந்தத் தடை செய்த பேச்சில்தான் போய் முடியும்.

வாசலில் என் முகத்தைப் பார்த்ததுமே பாய்க்குப் பாதி தெரிந்துவிட்டது.

"என்னா சொன்னாரு? வெள்ளிக்கிழம போகலாமா?"

"டாக்டரு நாளைக்கு ஒருதடவ நேர்ல பாக்கணுங்கறாருங்க பாய்."

"நாளைக்கேவா?"

"சும்மா பாக்கறதுக்குத்தான். சாப்பிடாம வரச் சொன்னாரு."

பாய் இடுப்பிலிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இது சொல்லிடுச்சா?"

"எது?"

"இந்தப் பொட்டி. பெங்களூருல இருக்கறவருக்கு எப்படித் தெரியுது? நான் நல்லாத்தானே இருக்கேன்."

பெட்டி யாருக்கும் எதுவும் சொல்லாது, அது வெறும் பேட்டரி என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. அக்கா டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றார். அந்த வீட்டில் யாரும் கேலி பேசாமல் நான் டீ குடித்தது அன்றுதான்.

"திரும்ப வந்துடுச்சுங்களா தம்பி?" என்றார் கடைசியில்.

"அதெல்லாம் டாக்டருதாங்க்கா சொல்லணும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதைவிட மோசமான பதில் வேறு இருந்திருக்க முடியாது.

மறுநாள் காலை பாய் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, பயணத்துக்கென்று வீட்டில் தொழுதுவிட்டுக் கிளம்பினார். மூட்டை தூக்குகிறவர் பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாய் அவரிடம், "நான் வர்ற வரைக்கும் பையனுக்கு நீ கூவிக் குடு" என்றார்.

"நானா? என் குரலுக்குப் புளி இன்னும் புளிச்சுப் போவும் பாய்."

"போனாப் போவட்டும். புளிதானே."

பஸ்சில் பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். காரிமங்கலம் தாண்டியதும், "தம்பி, நேத்து ராத்திரியில இருந்து உள்ள ஏதோ உருளற மாதிரியே இருக்குது" என்றார். பேச்சை மாற்ற, புளி விலை எப்படி என்று கேட்டேன். அவர் விலையைச் சொன்னார். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரிப் பக்கம் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் புளிய மர நிழலில் நின்றோம். பக்கத்தில் ஒரு கிணறும் மோட்டார் ரூமும் தொட்டியும் இருந்தன. உச்சி வெயில். பாய் சூரியனைப் பார்த்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தரையில் விரிக்கப் போனார்.

"பாய், தொட்டியில தண்ணி ஓடுது. கை கால் கழுவிக்கறீங்களா?" என்றேன். அவர் தொழுவதற்கு முன் கழுவுவார் என்ற அளவு எனக்குத் தெரியும்.

"வேணாம் தம்பி. வூட்டுல எடுத்த உளுவே இன்னும் நிக்குது," என்றார். பிறகு சலிப்பாக, "அது நின்னு என்னா பண்றது" என்றார்.

நான் அவர் வாயையே பார்த்தேன்.

"என்னா நிக்குதுங்க பாய்?"

"உளு."

"உள்ளேயா?"

"உள்ள இல்ல தம்பி. உளு. தொழறதுக்கு முன்னாடி கை, வாயி, மூக்கு, முகம், காலு எல்லாம் கழுவறோம் பாருங்க, அதுக்குப் பேரு உளு. காத்துப் பிரிஞ்சா உளு முறிஞ்சுடும். பிரியாத வரைக்கும் உளு நிக்குதும்போம். ஏன், நேத்துகூட மண்டியில கத்திச் சொன்னேனே? சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுத்த உளு ராத்திரி இசா தொழுகை வரைக்கும் நிக்குது. ரெண்டு நாளாச்சு. டாக்டருகிட்ட..."

அவர் நிறுத்தினார். நான் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. பஸ்சிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, என்னா ஆச்சு? வெயிலா?"

"பாய், நான் டாக்டருகிட்ட என்னா சொன்னேன் தெரியுங்களா? உள்ளே நிக்குதுன்னு சொன்னேன். அவரு..."

டாக்டரின் காதில் அந்த வாக்கியம் எப்படி விழுந்திருக்கும் என்று பாய் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அடப்பாவி மனுசா," என்றார். "நேத்துல இருந்து என் பொண்டாட்டி அழுது அழுது ஓதிட்டிருக்கா. பையன் சாப்பிடல. நான் மண்டி சாவிய அவன்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். எல்லாம் ஒரு உளுவுக்கா?"

"உங்க வூட்டுல ஒருநாளாச்சும் அந்த வார்த்தைய என்கிட்டச் சொல்லியிருக்கீங்களா பாய்?"

"உங்களுக்குப் புரியாதுன்னு கை கால் கழுவறதுன்னே சொல்லிட்டிருந்தேன். நேத்து சந்தோசத்துல வாயில வந்துடுச்சு." பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பெரிய குரலில் அவர் சிரித்தபோது டயர் மாற்றிக்கொண்டிருந்த கண்டக்டர் ஜாக்கியை விட்டுவிட்டு எழுந்து பார்த்தார்.

தொழுதுவிட்டு வந்ததும், "அப்ப திரும்பிப் போயிடலாமா? எதிர்ல வர்ற வண்டியில ஏறிட்டா சாயந்திரத்துக்குள்ள மண்டிக்குப் போயிடலாம்" என்றார்.

எனக்கும் ஆசைதான். ஆனால் டாக்டர் காத்துக்கொண்டிருப்பார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பாயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேணாம். போயே பாத்துடலாம்," என்றார். அவர் குரலில் சிரிப்பு வடிந்துவிட்டது. "நீங்க தப்பாச் சொன்னதால உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆயிடுமா? ஒருதடவ கேட்டாச்சு. இனி பாக்காமப் போனா தினம் அது உருண்டுட்டேதான் இருக்கும்."

மீதி வழி முழுக்க அதே பயம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. சிரித்ததால் கொஞ்சம் இளைத்திருந்தது, அவ்வளவுதான்.

டாக்டரிடம் நான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். உளு என்ற வார்த்தையை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஹௌதா? அப்படியா? சரி. வந்ததுக்குப் பாத்துடறேன்" என்று எழுந்து போனார்.

பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த வேலை முதல் கேள்வி மட்டும்தான். சதை நிற்கிறதா என்று பார்க்க என்னிடம் பெட்டி இருந்தது, குமிழ் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு ஒரு மனிதரின் விரலையும், பிறகு ஒரு எக்ஸ்ரேயையும் நம்பி வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பாயை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பக் கூட்டி வந்தார்கள். போகும்போதும் வரும்போதும் அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். அப்போதுதான் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"சுத்தமா இருக்கு. ஒண்ணும் இல்ல. எக்ஸ்ரேயும் பாத்துட்டேன்," என்றார். என் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். "இன்னொண்ணு கேளு. பெட்டியை அணைச்சதும் சதை விட்டுக் குடுக்குது. சுத்தி எல்லா இடமும் விரலுக்குத் தெரியுது. நான் பயந்த மாதிரி மறைக்கல. இவரு ஒருத்தருகிட்ட மறைக்கலன்னா எல்லாருகிட்டயும் மறைக்காதுன்னு அர்த்தம் அல்ல. ஆனா சரியான காரணம் இல்லாம இவரை இப்ப நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். உன் தப்புக்கு நன்றி சொல்லணும் போல."

"என் தப்பு இல்ல சார். டிரங்க் கால் தப்பு."

"ஆகட்டும். இனிமே நின்னுச்சு, நிக்கலன்னா எது நின்னுச்சுன்னு சேர்த்துச் சொல்லு."

பாய் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றார். அவரிடம் டாக்டர், "வெள்ளிக்கிழமை போங்க. எல்லா நாளும் போங்க" என்றார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சதையைப் போலவே அந்தப் பிடியும் சீக்கிரம் விடவில்லை.

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. முந்தின நாளிலிருந்து பாய் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். பரோட்டா, சால்னா, மேலே ஒரு ஆம்லெட், மறுபடி பரோட்டா. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா பாக்கறீங்க? பைக்குப் பயந்துகிட்டு, பஸ் ஏறப் போற நேரத்துல நான் எச்சில்கூட முழுங்கி மூணு வருசமாச்சு" என்றார்.

கை கழுவும்போது பக்கத்துத் தெருப் பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்டது. தருமபுரி வண்டி ஒன்று ஸ்டார்ட் செய்து உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார். பாய் வண்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குது," என்றேன்.

"ரெண்டு நாள் ஏன் நிக்கணும்? வண்டி அடுத்தது வரும்." பையை என் மடியில் வைத்துவிட்டுத் தெருவுக்குள் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நடை வேகமானது.

நான் பையோடு ஓட்டல் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வண்டி போய்விட்டது. சாப்பிட்ட கையோடு, முன்பின் தெரியாத பள்ளிவாசலில், முன்பின் தெரியாதவர்களோடு தோளை ஒட்டி நிற்கப் போயிருக்கிறார். ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவுக்காகக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் இருந்தது.

தெருமுனையில் ஆட்கள் கலைந்து வர ஆரம்பித்தார்கள். பாய் கடைசியில் வந்தார். வெறுங்காலோடு, ரோட்டுக் கல் குத்த, ஒரு காலை எட்ட வைத்து ஒரு காலைக் கிட்ட வைத்து. முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்னாங்க பாய், செருப்பு?"

"எவனோ மாட்டிட்டுப் போயிட்டான் தம்பி. புதுச் செருப்பு," என்றார். "மூணு வருசமா வூட்டுல தொழுதேன், ஒருதடவகூடத் தொலைஞ்சதில்ல."